கள்ளும் கலோரியும்

கேள்வி: பனங்கள்ளும் கஞ்சாவும் சரீரத்துக்குக் கலோரி தருமா, ஐயா?
(பேசாலை வாசகர்)

பதில்: சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பநீராகவும், தடவாத முட்டியில் கள்ளாகவும் இறங்குகின்ற நம் மன்னார்ப் பனைச்சாற்றில், சர்க்கரை புளித்து வாயு நுரையாய்ப் பறந்துவிட்டபோதும், அதன் சக்தியில் பெரும்பகுதி மதுசாரத்திலேயே தங்கிவிடுவதால், கிராமுக்குச் சர்க்கரை 4 கலோரி தர, மதுசாரம் 7 கலோரி தருகிறது. ஈரல் அதையே முந்தி எரிக்க, உண்ட கொழுப்போ எரியாமல் தொந்தியில் குடியேறுகிறது! கஞ்சா, ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) முதலிய வஸ்துக்களின் போதைச்சத்து மில்லிகிராம் அளவிலேயே உட்செல்வதால் கலோரி சூனியமே. ஆயினும் கஞ்சா பசியைக் கிளப்பிச் சோற்றுப்பானையைக் காலியாக்கும். ஐஸோ, பசியையும் நித்திரையையும் ஒருங்கே கொன்று, கரைவலை இழுக்க வேண்டிய வாலிபனின் தசையையே விறகாக்கிவிடும்.