டிராம் டிப்போ தபால்

கே: டாலிகஞ்சுக்கு மெட்ரோ வந்த பிறகும் டிராமைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? (வாசகர், கடியா)

ப: அடுத்த கேள்வி.

கே: கலவரத்தைப் படம்பிடிக்க உத்தமமான காமிரா எது? (வாசகர், பேஹாலா)

ப: ஓடத் தெரிந்தவர் கழுத்தில் தொங்குவது எதுவோ அது. அந்நாளைய ரோலிஃப்ளெக்ஸ் ஒரு விபரீத யந்திரம். வயிற்றருகே பிடித்து, சிரம் தாழ்த்தி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் உலகம் தெரியும், அதுவும் இடவலம் மாறித் தெரியும். ஆகவே இடப்புறத்து லத்தி வலப்புறமிருந்து வருவதாகத் தோன்ற, விலகுவதாக எண்ணிக்கொண்டு படக்காரர் பரம சாவதானமாக அதன் பாதையிலேயே போய் நிற்பார். சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பதின்மூன்றாவது அடிக்குச் சாட்சி கிடையாது.

கே: ஒரு பைசாவுக்காகக் கல்கத்தா பற்றி எரிந்தது மெய்தானா? (வாசகி, லேக் மார்க்கெட்)

ப: மெய்தான், அம்மணி. லண்டனைச் சேர்ந்த டிராம் கம்பெனி 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்த, முதல் வகுப்பின் மின்விசிறியைத் தூரத்திலிருந்து தரிசித்தே வியர்த்துவந்த ஜனங்கள் அந்தப் பைசாவைத் தர மறுத்து, வண்டிகளை மறித்து, சிலவற்றுக்குத் தீயும் வைத்துவிட்டார்கள். டிப்போவைக் கடக்கும்போதெல்லாம் கும்பிடு போடுகிற எனக்கு அந்தத் தீயை மன்னிக்க மனம் வரவில்லை. ஆனால் ஜூலை 22 அன்று மைதானத்தில் போலீசார் நிருபர்களையும் புகைப்படக்காரர்களையும் துரத்தித் துரத்தி அடித்தார்களே, அதை அந்தத் தீயைவிடவும் மன்னிக்க முடியவில்லை. டிராம் எரிந்தால் வேறு டிராம் வரும். கட்டண உயர்வு பிற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. வாங்கிய அடியை நிறுத்திவைக்க வழியில்லை.

கே: ஒருவர் அடிபடும்போது உதவாமல் படமெடுப்பது பாவமில்லையா? (கல்லூரி மாணவி, டாலிகஞ்ச்)

ப: இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன், குழந்தாய். 1965-இல் அமெரிக்காவின் செல்மாவில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின்போது குழந்தைகள் தள்ளப்படுவதைக் கண்டு காமிராவை விட்டு உதவப் போன தம்மை, படமில்லாவிட்டால் உலகம் எப்படி அறியும் என்று மார்ட்டின் லூதர் கிங் கடிந்துகொண்டதாக ஃபிலிப் ஷுல்கே என்னும் படக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு நியாயம் உண்டு. 1963-இல் பர்மிங்ஹாமில் தீயணைப்புக் குழாய் நீரால் கறுப்பின இளைஞர்கள் சுவரோடு அறையப்பட்டதை சார்லஸ் மூர் எடுத்த படங்கள் அந்தத் தேசத்தின் மனச்சாட்சியை உலுக்கின. நம் ஊரில் 1946 ஆகஸ்டு மதக்கலவரப் படுகொலைக்குப் பின் மார்கரெட் பூர்க்-ஒயிட்டும், வங்காளப் பஞ்சத்தைப் பதிந்த நம் சுனில் ஜானாவும் எடுத்த படங்கள் சிலவற்றில் காப்பாற்ற ஒருவரும் மிஞ்சவில்லை, கழுகுகள் காத்திருந்தன. அங்கே படமெடுப்பதே தர்மம். இருப்பினும், கைக்கெட்டும் தூரத்தில் குழந்தை விழுந்தால் தூக்கிவிடு. கிங் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

கே: தாத்தாவின் பரணில் பழைய ஊர்வலப் படங்கள் கிடக்கின்றன. எடைக்குப் போடலாமா? (வாசகர், ஜாதவ்பூர்)

ப: போட்டீரோ, உமது கேள்விக்கு இப்பத்தியில் இனி இடமில்லை. ஒவ்வொன்றின் பின்புறமும் இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தாத்தாவிடமே கேட்டுப் பென்சிலால் எழுதிவையும். இந்த வாரமே கேளும்.