தைலக்காரர் பெயரில் ஒரு நந்தவனம்

நெடுங்காட்டில் நெல்வயல் வரப்பின்மேல் நாள்முழுதும் நடப்பவனை, தேகாப்பியாசம் செய்கிறான் என்று ஒருவரும் சிலாகித்ததில்லை. சென்னை மயிலாப்பூர் லஸ்ஸிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, வாசலில் கிடக்கும் செய்தித்தாளைக் குனிந்தெடுக்கவும் ஆள் வைத்திருக்கும் கனவான்கள், விலையுயர்ந்த பாதரட்சைகளுடன் விடியுமுன்பே வந்து, மூலஸ்தானத்தில் மூர்த்தியில்லாத கோயிலைப் பிரதட்சிணம் செய்வதுபோல் சிரத்தையோடு சுற்றுகிறார்கள். கால் எங்கே சுற்றினாலும், வாய் வட்டி விகிதத்தையும் மருமகளின் குணாதிசயத்தையும் விட்டு விலகுவதில்லை. மூலையில் ஒரு கோஷ்டி, யாதொரு முகாந்திரமுமின்றி, ஆரோக்கியத்தின் பொருட்டு உரக்கச் சிரிக்கிறது. ஒலிபெருக்கியில்லாத சங்கீதக் கச்சேரியும் இங்கே நடந்ததுண்டு. ஒலிபெருக்கியில்லாத அரட்டைக்குத்தான் இன்னும் காலம் கனியவில்லை. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயரையே இவ்விடத்துக்குச் சூட்டியவர்களின் தீர்க்கதரிசனம், இரண்டாம் சுற்று முடிவதற்குள் நெற்றிப்பொட்டில் புலப்பட்டுவிடுகிறது.