காக்கையா, பனம்பழமா?

கே: அண்ணன் மகளுக்கு ஏழு வயது. காய்ச்சல் வந்து பத்தே நாளில் ‘டைப் 1 சர்க்கரை’ என்கிறார்கள். காய்ச்சல்தானே காரணம்?

ப: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதுதான் டைப் 1. அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். காய்ச்சல் வந்தபோது பழம் பழுத்துத்தான் தொங்கியது.

கே: அப்போ வைரஸ் நிரபராதியா?

ப: இந்தக் காக்கை நிரபராதி. முன்பே வந்துபோன காக்கை மேல்தான் சந்தேகம். பெயர் காக்ஸாக்கி பி. போலியோ வைரஸுக்குப் பங்காளி. சர்க்கரை முற்றி இறந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் கணையத்தில் கிடைத்த இந்த வைரஸை எலிகளுக்குச் செலுத்த, அவற்றுக்கும் சர்க்கரை ஏறியதாக 1979-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கே: ஒரு சாட்சி போதுமா?

ப: போதாது. அதனால்தான் ‘டெடி’ என்ற ஆய்வில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே கண்காணித்து, மாதாமாதம் மலம்கூடச் சேகரித்தார்கள். 2019-ல் வந்த முடிவு: வந்த வேகத்தில் போகும் வைரஸ் விருந்தாளியால் வம்பில்லை; குடலில் டேரா போடும் விருந்தாளிதான் வில்லங்கம்.

கே: கிருமி மலிந்த ஊரில்தானே இந்த நோய் அதிகம் இருக்க வேண்டும்?

ப: நேர்மாறு! உலகிலேயே டைப் 1 அதிகம் உள்ள நாடு, சுத்தத்துக்குப் பேர்போன ஃபின்லாந்து. எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவில் இவ்வகை வைரஸ் தொற்று அதிகம். நோயோ ஆறில் ஒரு பங்கு. அங்கே தாய்மார்கள் தந்தனுப்பும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைகளைக் காக்கிறது என்பது ஒரு ஊகம்.

கே: வைரஸைக் கொன்றால் சர்க்கரை போய்விடுமா?

ப: போகாது. நார்வேயில், நோய் புதிதாகத் தெரியவந்த பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இரண்டு வைரஸ் மருந்துகள் கொடுத்தார்கள். மிச்சமிருந்த சொந்த இன்சுலின், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மெதுவாகக் குறைந்தது. 2023-ல் வந்த சேதி இது. இன்சுலின் ஊசியை நிறுத்த இது சாக்கல்ல.

கே: நான் கொடுத்த மிட்டாய்தான் காரணமோ என்று அண்ணி அழுகிறாரே?

ப: மிட்டாய்க்கும் டைப் 1-க்கும் சம்பந்தமில்லை, முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள். மற்ற பெற்றோருக்கு: பிள்ளைக்கு அடங்காத தாகம், எடை இளைப்பு, விட்டுப்போன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது — இவற்றைக் கண்டால் அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள்.