எண்டர் அவள் இலாகா

66 வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "கண்ணுக்குக் கெடுதல்" என்று மட்டும் சொன்னார்கள். பட்டும் ஜரிகையும் பார்த்தே காலம் போன கண் இது. இனிமேல் கெட இதில் என்ன பாக்கி இருக்கிறது?

எனக்கு ஒரே ஆசைதான். ருத்ராட்சம், மயில்கண், வாழைப்பூ, தாழம்பூ ரேக்கு என்று அப்பா சொல்லிக்கொடுத்த சேலைக் கரைப் பெயர்களை எழுதிவைக்க வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாமே டிசைன் நம்பர். நோட்டில் எழுதலாம்தான். ஆனால் என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது.

பேத்தி பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. வாத்தியாரும் அவள்தான்.

முதல் தகராறு மவுஸோடு. தறியில் நாடாவைத் தட்டினால் மறு கோடிக்குப் போய்ச் சேரும், அதுதானே ஒழுங்கு. இங்கே மவுஸ் மேஜை விளிம்புக்குப் போய்விட்டது, அம்பு திரைக்கு நடுவிலேயே நிற்கிறது.

"தூக்கி இந்தப் பக்கம் வை தாத்தா."

"தூக்கினா இழை அறுந்துடாதா?"

"எந்த இழை?"

அவளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

தமிழ் 99 விசைப்பலகை சுலபமாகவே வந்தது. இடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது கைப்பக்கம் மெய். இரண்டு பக்கமும் கை போய்வந்தால் துணி வளர்கிறது. 'அம்மா'வுக்கு 'ம'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. என் பாவில் அறுந்த இழை ஒருநாளாவது தானே முடிச்சுப் போட்டுக்கொண்டதா?

மனம் மயங்கியது கண்ட்ரோல் இஸட்டில்தான். தறியில் தப்பு விழுந்தால் மிதியைப் பின்னோக்கி மிதித்து, அட்டையைப் பின்னுக்குத் திருப்பி, ஊடையை ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும். ஒருமுறை ஒரு சாண் நெய்த பிறகுதான் அன்னத்துக்குக் கழுத்தே இல்லை என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் முழுக்க உருவினேன், கூலி இல்லாமல். இங்கே இரண்டு பொத்தான்! வேண்டுமென்றே தப்பாக அடித்து அடித்து அழித்தேன். "விளையாடாதே தாத்தா" என்று பேத்தி அதட்டினாள்.

சேமித்த ஃபைல் மறுநாள் காணவில்லை. "எங்கயோ உள்ள இருக்கும்" என்றாள். அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதரும் உள்ளேதான் இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-ல்தான் வெளியே வந்தார். கரைப் பெயர்களுக்காக 2059 வரை உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்றேன். அவள் 'டவுன்லோட்ஸ்' என்ற பிராகாரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் பெருமையாக ஒரு விஷயம் சொன்னாள். ஆதி கம்ப்யூட்டருக்கு ஓட்டை போட்ட அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்களாம். 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் பட்டுத் தறிக்குச் செய்த அட்டை ஏற்பாட்டைத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டாராம். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகையை எண்ணியதும் ஓட்டை அட்டைதானாம்.

நான் பரணைக் காட்டினேன். அப்பா காலத்து ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இந்த இரண்டே வார்த்தையில் மயிலும் யாளியும் மல்லிமொக்கும் வந்துவிடும். ஒரு கட்டில் மட்டும் எலி கடித்த ஓட்டை ஒன்று உண்டு. அது தெரியாமல் ஏற்றி நெய்ததில் மயிலுக்கு மூன்றாவது கண் முளைத்தது. அப்படிப் பார்த்தால் மவுஸ் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் எப்போதோ வந்துவிட்டது.

கடைசியாகப் பாஸ்வேர்ட். அதில் ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்றது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும். நான் யோசிக்காமல் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கோர்வைச் சேலை நெய்த நாளெல்லாம் என் வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டவள் அவள்தான். வந்தவள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். ஷிஃப்ட், எண்டர், பேக்ஸ்பேஸ் எல்லாமே வலது ஓரத்தில் இருப்பதைப் பார்த்து, "இது கோர்வைத் தறிதாங்க" என்றாள். பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எழுத்து என்னுடையது, எண்டர் அவளுடையது. பட்டியலில் 'தாழம்பூ' ஒரு வரியிலும் 'ரேக்கு' அடுத்த வரியிலும் நிற்கிறது. ஏன் நடுவில் தட்டினாய் என்று கேட்டேன்.

"நீங்கதானே கையை எடுத்தீங்க? ஊடை போட்டாச்சுன்னு நினைச்சேன்."