அங்கனேயே நில்லும்!

பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் ஒட்டுகிற அண்ணாச்சி வீட்டுக்குள் வலதுகாலை எடுத்து வைப்பது நம் கையில் இருக்கிறது. இடதுகாலை வைக்கலாமா என்பது அன்றைய ராசிபலன். அவர் இடுக்கியிலிருந்து அந்த நேரம் பார்த்து ஏதாவது தெறித்திருந்தால், "அங்கனேயே நில்லும்! காலை ஊனாதேயும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். பிறகு ஒற்றைக்கால் தவம்தான். வரம் கிடைக்காது, காப்பி கிடைத்தால் உண்டு.

நாகர்கோவிலில் இந்த ரகம் ஏராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற சிலரும் ஒரே அச்சு. பாங்கிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றிவிட்டார். வீட்டார் தரையில் இலை போட்டுச் சாப்பிடுவதைப் பண்பாடு என்று விளக்கிவிட்டார். மேசையில் வெட்டுப்பலகை, பூதக்கண்ணாடி, உப்புத்தாள், மகளின் புருவ இடுக்கி, பேத்தியின் நெயில் பாலிஷ், யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பல்துலக்கும் பிரஷ். அதைப் பார்த்து "பொம்மை செய்யுதியளா அண்ணாச்சி?" என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை அந்த வீட்டில் காப்பி குடித்ததாகத் தகவல் இல்லை. பொம்மை அல்ல, மாடல்.

வளைகுடாவிலிருந்து மச்சினன்மார் விடுமுறைக்கு வரும்போது மற்ற வீடுகளுக்கு ஈச்சம்பழமும் கோடாலித் தைலமும் வரும். இவர் வீட்டுக்கு ஸ்வெஸ்டா கம்பெனியின் எம்.ஐ-8 பெட்டி வரும். ரஷ்யக் கம்பெனி, ரஷ்ய ஹெலிகாப்டர். ஆனால் பெயின்ட் டப்பா மட்டும் வராது. தீப்பிடிக்கிற சாமான் என்று விமானத்தில் விடமாட்டார்கள். ஹெலிகாப்டரே ஏறி வரலாம், அதற்குப் பூசுகிற பச்சை ஏறக்கூடாது என்பதில் அண்ணாச்சிக்கு உலக விமானத்துறையின்மேல் தீராத வருத்தம்.

பெட்டியில் இருப்பது 72-ல் ஒரு பங்கு மாடல். ஆறடி ஆள் ஓர் அங்குலம். அண்ணாச்சி உலகத்தையே 72-ஆல் வகுத்துத்தான் பார்ப்பார். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை 133 அடி, அதாவது 22 அங்குலத்துச் சொச்சம். சுசீந்திரம் ஆஞ்சநேயர் 18 அடி, மூணே அங்குலம். வடைமாலை அளவையும் சொல்லுவார், நாம் கேட்பதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தத் தெறித்த துண்டு.

முருங்கைக்கீரை ஈர்க்கில் இலை தொங்குவதுபோல, பிளாஸ்டிக் சட்டங்களில் நூறு, இருநூறு துண்டுகள் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பெரியவை உடற்பகுதி, இறக்கை. அவற்றால் யாருக்கும் தொல்லை இல்லை. சின்னவைதான் வினை. கதவுக் கைப்பிடி, கண்ணாடி துடைப்பான், இருக்கைக்குப் பின்னால் மாட்டும் கொக்கி என்று மூன்று மில்லிமீட்டரில் ஒரு கூட்டம் இருக்கிறது. வெட்டும்போது கடைசி நரம்பு அறுகிற இடத்தில் ஒரு துள்ளு. அதில் தப்பினால் இடுக்கியில் வரும் ஆபத்து. மெல்லப் பிடித்தால் விழும், இறுக்கிப் பிடித்தால் பறக்கும். அண்ணாச்சி இறுக்கித்தான் பிடிப்பார். மாடல் என்றைக்கும் பறக்கப் போவதில்லை. அதன் பாகங்கள் பறந்துவிட்டன.

'டிக்' என்று ஒரு சத்தம். வீடு அப்படியே உறையும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், டி.வி.யை நிறுத்த வேண்டும், பேத்தி அழுதுகொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். குக்கர் மட்டும் அவர் சொல் கேளாமல் விசிலடிக்கும். அண்ணாச்சி கையை உயர்த்தி, கண்ணை மூடி, போன சத்தத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிக் கேட்பார். "தெக்க போயிருக்கு. அலமாரிக் கால்ல ஒரு தட்டு தட்டீருக்கு. கேட்டீரா?" நாம் கேட்கவில்லை. தெற்கே தேடுவோம். இதுவரை ஒரு துண்டும் தெற்கே போனதில்லை.

அடுத்தது டார்ச். தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியை விட்டால் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சாண் நிழல் விழும் என்பது சாஸ்திரம். சாஸ்திரம் சரிதான். ஆனால் நிழல் விழுகிற உரிமை எல்லாப் பொருளுக்கும் உண்டே! துவரம்பருப்பு, தோசைத் துணுக்கு, செத்த எறும்பு, நடந்து போகிற எறும்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நம்பிக்கையைக் கொடுத்துக் கெடுக்கும். போதாததற்குத் தரை மொசைக். சாம்பல் சல்லி, கறுப்புச் சல்லி, வெள்ளைச் சல்லி. துண்டு என்ன நிறம்? சாம்பல்.

இதற்குள் வந்தவர்கள் எல்லாரும் குப்புறப் படுத்திருப்பார்கள். பால் பாக்கிக்கு வந்தவர், கேஸ் புத்தகத்தோடு வந்தவர், மகளுக்கு வரன் இருக்கிறது என்று பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்த தரகர் என்று பேதமே கிடையாது. மே மாதம், விசிறி கிடையாது. முழங்கையை ஊன்றித் தவழ்ந்துகொண்டே தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லுவார். "அந்தச் சோபாவுக்கு அடியில ஒரு எட்டு பாரும்" என்று பதில் வரும். பிறகு ஆடைச் சோதனை. "வேட்டிய ஒண்ணு உதறும், மடிப்புல கெடக்கும்." உதறினால் நம் பையிலிருந்து சில்லறை சிதறும். அந்தச் சத்தத்தில் அண்ணாச்சியின் தெற்குக் கணக்கு குழம்பிப்போகும். அதற்கும் பழி நமக்கு.

தேடும்போது மற்றதெல்லாம் கிடைக்கும். ஒற்றைத் திருகாணி, இருபத்தைந்து காசு, கேரம்போர்டுக் காய், போன தீபாவளிக்குத் தொலைந்த வீட்டுச் சாவி. சில நாள் போன ஹெலிகாப்டரின் துண்டும் கிடைக்கும். அப்போது முகத்தைப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லை என்று அன்றைக்கு அவர் காலிச் சட்டத்து ஈர்க்கை மெழுகுதிரியில் வாட்டி, தலைமுடி கனத்துக்கு இழுத்து, வளைத்து, அதே துண்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் செய்து ஒட்டியிருப்பார். இப்போது கம்பெனித் துண்டு சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறது. கையால் செய்ததைப் பிய்த்தெடுத்துவிட்டு இதை வைப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசனை நடக்கும்.

கடைசியில் அண்ணாச்சியின் வீட்டம்மா, நம் மைனி வருவார். வாரியலால் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையைச் சுளகில் அள்ளி, புடைத்து, கொழித்து, அரிசியில் கல் பொறுக்குகிற அதே கண்ணோடு ஒரு பார்வை பார்ப்பார். "இன்னா கெடக்கு." அவ்வளவுதான். அரை நாள் போரை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அண்ணாச்சி அந்தத் துண்டை வாங்கி, ஊதி, பசை தொட்டு, விமானி இருக்கைக்குப் பின்னால் ஒட்டுவார். அதன்மேல் உடற்பகுதியின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடிவிடுவார். இனி அந்தக் கொக்கியை மனிதக் கண் எதுவும் பார்க்கப் போவதில்லை. பூமி உடைந்தால்தான் வெளியே வரும். கேட்டால், "உள்ள இருக்குன்னு நமக்குத் தெரியும்லா?" என்பார்.

மைனிக்கு முட்டுத் தேய்மானம். தரையில் உட்காரக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகின்றன. எண் போட்ட குறிப்புத்தாளில் நாற்பத்தேழாவது துண்டு எந்தத் துளையில் நுழையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனிதருக்கு, மைனியின் மாத்திரை காலையில் ஒன்றா ராத்திரி ஒன்றா என்று தெரியாது. ஒரு கோட் பெயின்ட் காய இருபத்துநாலு மணி நேரம் தொடாமல் காத்திருக்கிற பொறுமை, முட்டுக்கு எண்ணெய் தேய்த்துவிடக் கால் மணி நேரம் இருப்பதில்லை. அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. டர்ப்பன்டைன் நெடியில் மைனி இருமிக்கொண்டே இருக்கிறார். கைத்திறன் இல்லாத ஆளாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஒரு வாஷர் மாற்றாதவரை எப்படி விடுவது?

பெயின்ட் படலம் தனி, அதைச் சுருக்கிவிடுகிறேன். ஹார்டுவேர் கடை எனாமலில் மூன்று நிறம் கலந்து ராணுவப் பச்சை உண்டாக்குவார். நாஞ்சில் நாட்டுக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. இரண்டு மழையின் ஈரத்திலும் கடைசிப் பூச்சு வார்னிஷ் பால்போல வெளுத்துவிடும். இடையில் கிடைக்கிற வெயிலில் அவசரப்பட்டு ஜன்னலை ஃபெவிகுவிக்கில் ஒட்டுவார். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி மூடுபனி கட்டிவிடும். அன்றைக்கு அந்தத் தெருப்பக்கம் போகாமலிருப்பது நல்லது. மூக்கில் எடை வைக்காவிட்டால் ஹெலிகாப்டர் வாலைக் குத்தி உட்கார்ந்துவிடும் என்பதால், கொளச்சல் வலைக்காரர் ஒருவரிடம் வீச்சுவலை ஈயமணி வாங்கி மூக்குக்குள் வைப்பார். அது ஒன்றுதான் இதுவரை தெறித்துத் தொலையாத பொருள்.

தேர்தல் நேரத்தில் தலைவர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார்கள். கூட்டமெல்லாம் தலைவர் இறங்குகிற பக்கம் முண்டும். அண்ணாச்சி மட்டும் வால் பக்கம் போய் வேலிக்கு வெளியே நிற்பார். எம்.ஐ-8 என்றால் வால் விசிறி வலப்பக்கம், எம்.ஐ-17 என்றால் இடப்பக்கம். அதைச் சரிபார்க்கத்தான் அத்தனை வெயிலில் போனது. தலைவர் என்ன பேசினார் என்று கேட்டால், "இடப்பக்கம்" என்பார். மறுநாள் கட்சிக்காரர்கள் வைக்கிற ஃபிளெக்ஸில் படம் இடவலமாகத் திரும்பி அச்சாகி விசிறி வலப்பக்கம் இருந்துவிட்டால், அதை ஒட்டியவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டமே இருளில் கிடந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்களைக் காணோம் என்று சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை ஊர்களெல்லாம் கரையில் நின்றன. டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் பாதையில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஹெலிகாப்டர் ஏன் நடுக்கடல்வரை போகாது என்று கரைப் பையன்கள் சிலர் அண்ணாச்சியிடம் கேட்டார்கள். போகிற தூரத்துக்குத் திரும்பி வரவும் எண்ணெய் வேண்டும், நின்று தேடுவதற்குத் தனி எண்ணெய் வேண்டும், அதற்கு அப்பால் என்றால் கப்பலோடு போய்க் கப்பலிலிருந்து கிளம்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். 72-ஆல் எதையும் வகுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சீ கிங் செய்தார். நம் கடற்படை ஓட்டுகிற ஹெலிகாப்டர் அது, தண்ணீரில் இறங்க நேர்ந்தாலும் மிதக்கட்டும் என்று அடிப்பாகத்தைப் படகாகவே கட்டியிருப்பார்கள். அதைக் காட்ட யாரையும் கூப்பிடவில்லை. அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று மைனி சொன்னார். துண்டு தேடக் கூப்பிடவில்லை என்பதை மனதில் வைத்துச் சொன்னதாகவும் இருக்கலாம்.

இப்போது அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. பார்வைக்கு இதமாக 48-ல் ஒரு பங்கு, 35-ல் ஒரு பங்கு என்று பெரிய மாடல் வாங்கலாமே, துண்டும் பெரிதாக இருக்குமே என்று நாங்கள் எல்லாரும் நயமாக எடுத்துச் சொன்னோம். எங்கள் முழங்கைகளின் சார்பாகவும் சொன்னோம். மைனிதான் இடையில் புகுந்து, ஷோகேஸ் நிறைந்து, ஃப்ரிட்ஜ் மேலும் டி.வி. மேலும் நிறைந்துவிட்டது, இனி வீட்டில் பெரிய சாமானுக்கு எடமில்லை என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அண்ணாச்சி மைனியின் பேச்சைக் கேட்டார். மச்சினனிடம் 144-ல் ஒரு பங்கு பெட்டி நாலு சொல்லிவிட்டிருக்கிறார். எல்லாமே பாதி. மூன்று மில்லிமீட்டர் கொக்கி இனி ஒன்றரை.

மச்சினன் வர இன்னும் நாள் இருக்கிறது. மைனி கோட்டாற்றுக்குப் போய் மாவு சலிக்கிற அரிப்பு ஒன்று வாங்கி வைத்துவிட்டார்.