விட்ருங்கண்ணே!

பாம்பன் தீவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், மீனவர்கள் அலுத்துக்கொள்கிற அதே காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் ஒரு கூட்டம் உண்டு. இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு கடலில் வழுக்கிப் போகிறவர்கள். கைட் சர்ஃபிங் என்று பெயர். ஆழமில்லாத, அலையடங்கிய தண்ணீர் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்குத் தோதான இடம். விழுந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மானம் தனிக் கணக்கு.

பட்டம் என்றதும் நூலும் வாலும்தான் ஞாபகத்துக்கு வந்தன. மணலில் விரித்துப் போட்டதோ 12 சதுர மீட்டர். எங்கள் வீட்டு ஹால் அவ்வளவு பெரிதில்லை. பட்டத்தின் முன்விளிம்பில் ஒரு குழாய். பம்ப் வைத்துக் காற்றடித்தால் பட்டம் விறைத்து நிற்கும், தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காது. இந்த உபாயத்துக்கு 1984-இல் காப்புரிமை கேட்டவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள். வாழ்க. ஆனால் பம்ப் அடித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார்கள்.

சொல்லிக்கொடுத்தவன் உள்ளூர்ப் பையன். "தலைக்கு மேல பன்னெண்டு மணிண்ணே. அங்க நிறுத்தினா பட்டம் சும்மா இருக்கும். நேர் முன்னாடி கீழ இறக்கினீங்கன்னா தூக்கிட்டுப் போயிரும். என்ன ஆனாலும் கையில பிடிச்சிருக்கிற இந்தக் கம்பிய, இந்தப் பாரை விட்ருங்க. விட்டா அடங்கிரும்."

இங்கேதான் தகராறு. டவுன் பஸ்ஸில் தொங்கியே வளர்ந்த கை இது. குலுங்கினால் கம்பியை இறுக்கிப் பிடி என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். காற்று லேசாக இழுத்ததும் பாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அணைத்தால் பட்டம் இன்னும் காற்றை வாங்கும். வாங்கினால் பயம் கூடும். கூடினால் இன்னும் அணைப்பேன். "விட்ருங்கண்ணே!" என்ற குரல் தூரமாகிக்கொண்டே போனது. தூரமாகிக்கொண்டிருந்தது நான்தான்.

பலகை இல்லாமல், பட்டம் இழுக்கிற பக்கம் குப்புறக் கிடந்து போவதையும் முறையான பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதில் நான் தேறிவிட்டேன். உப்புத் தண்ணீர் மூக்கு வழியாகப் போய் எங்கெல்லாம் வரும் என்பது கூடுதல் பாடம். காற்று கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலிருந்து, பட்டத்தைச் சுமந்தபடி காற்றை எதிர்த்து நடந்தே திரும்ப வேண்டும். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்: "என்ன தம்பி, துணி காயப்போடுறீகளா?"

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டும் முதன்முறையாகச் சேர்ந்தது. போட்டி நடந்தது மார்சேய் கடலில். அங்கே காற்று போதாமல் வீரர்கள் காத்துக் கிடந்தார்களாம். பாவம். இங்கே காற்று நின்ற நாட்களில்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒருவழியாகக் கைக்குப் புத்தி வந்தது. இழுத்தால் விட வேண்டும் என்று அதுவே புரிந்துகொண்டது. அப்புறம்தான் பலகை. தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அதன் பட்டைகளில் நுழைத்து, பட்டத்தைச் சரேலென்று ஒரு பக்கம் இறக்கினேன். யாரோ பிடரியைப் பிடித்துத் தூக்கியதுபோல் எழுந்து நின்றேன். நின்றது மட்டுமா, போய்க்கொண்டும் இருந்தேன்! கரையில் பெரியவர் பார்க்கிறாரா என்று திரும்பி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தபோது பையன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான்.

"இப்ப எதுக்குண்ணே விட்டீங்க?"