மூக்கறுந்த சரித்திரம்

கெய்ரோ நகரில் தனி மோட்டாரும் தனி வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு கீஸா பிரமிடுகளைத் தரிசிக்கப் புறப்படும் கனவான், ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் கூஃபு மன்னனுக்காகச் சுமார் 23 லட்சம் கற்களை அடுக்கி எழுப்பிய அந்த மகா சமாதியை அரை மணியில் பார்த்து முடித்து, எஞ்சிய பகற்பொழுதையெல்லாம் பாப்பிரஸ் சித்திரக் கடையிலும் அத்தர்க் கடையிலும், வேண்டாமென்றாலும் வந்து சேரும் தேநீரைப் பருகியவாறு கழிக்கும் பாக்கியத்தைப் பெறுகிறார். இடையே, ஸ்பிங்க்ஸின் மூக்கை நெப்போலியனுடைய பீரங்கிதான் பெயர்த்ததென்று வழிகாட்டி சத்தியம் செய்வார். 1737-லேயே அங்கு சென்ற நார்டன் என்னும் டென்மார்க்குக் கடற்படை அதிகாரி அம்முகத்தை மூக்கில்லாமலே வரைந்து வைத்திருக்க, நெப்போலியன் ஜனித்ததோ 1769-ல்! (ஜனனத்துக்கு முன்பே அபவாதம் சுமந்த புண்ணியவான்.) ஆயினும் அன்பர்கள் மறுத்துரைத்து வழிகாட்டியின் மனத்தைப் புண்படுத்த வேண்டாம், இனாமை மட்டும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.